உலாவிக்குள் விரியும் புதிய உலகம்

நாற்காலி ஒன்றை இணையத்தில் வாங்க எண்ணுகிறோம் என்று கொள்வோம். அதன் படத்தைப் பார்க்கிறோம். நீள அகலங்களையும் படிக்கிறோம். ஆயினும் நம் வீட்டுக் கூடத்தின் மூலையில் அது அடங்குமா என்பது படத்தால் விளங்குவதில்லை. கைப்பேசியின் கேமராவைக் கூடத்தின் பக்கம் திருப்பினால், அந்த நாற்காலி உரிய அளவில் தரைமேல் நிற்பதுபோல் திரையில் தோன்றும் வசதி இப்போது சில வணிகத் தளங்களில் உண்டு. மெய்யான இடத்தின்மேல் கணினி வரைந்த பொருளைச் சேர்த்துக் காட்டும் இம்முறைக்கு மிகை மெய்மை என்று பெயர். கண்களை முற்றிலும் மறைக்கும் ஹெட்செட்டை அணிந்து, கணினி படைத்த உலகுக்குள்ளேயே நுழைவது மெய்நிகர் உண்மை. இவ்விரண்டும் தனிச் செயலி ஏதுமின்றி, நாம் அன்றாடம் திறக்கும் உலாவிக்குள்ளேயே இயங்கத் தொடங்கிவிட்டன. இது எவ்வாறு நிகழ்ந்தது, வங்கி வாடிக்கையாளர் இதில் அறிந்திருக்க வேண்டியவை யாவை என்பதை இங்குக் காண்போம்.

வந்த வழி

உலாவியில் முப்பரிமாணப் படம் வரைவதற்கான வெப்ஜிஎல் என்னும் பொதுத்தரம் 2011ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதற்கு முன்னோடியான சோதனைகளை மொசில்லாவில் செய்தவர் விளாதிமிர் வுகிசெவிச். அவரே 2014இல், ஹெட்செட்டை உலாவியோடு இணைக்கும் வெப்விஆர் என்னும் முயற்சியையும் தொடங்கிவைத்தார். கூகுளின் குரோம் குழுவும் அதில் கைகோக்க, 2016 மார்ச்சில் முதல் பதிப்புக்கான முன்மொழிவு வெளிவந்தது. 2017 ஆகஸ்டில் வந்த பயர்பாக்ஸ் 55, விண்டோஸ் கணினிகளில் இவ்வசதியை அளித்தது.

வெப்விஆர் மெய்நிகர் உண்மைக்கென மட்டுமே வகுக்கப்பட்டது. எனவே, மிகை மெய்மையையும் உள்ளடக்கிய வெப்எக்ஸ்ஆர் என்னும் புதிய தரத்தை வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் குழு உருவாக்கியது. 2019 டிசம்பரில் வந்த குரோம் 79இல் மெய்நிகர் உண்மையும், 2020 ஏப்ரலில் வந்த குரோம் 81இல் மிகை மெய்மையும் இத்தரத்தின் வழியே இடம்பெற்றன.

இயங்கும் முறை

சாதாரணக் கணினித் திரை பெரும்பாலும் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஹெட்செட்டிலோ நொடிக்கு 72 அல்லது 90 முறை, ஒவ்வொரு முறையும் கண்ணுக்கு ஒன்றாக இரண்டு படங்கள் வரையப்பட வேண்டும். தலை திரும்பிய பின் படம் தாமதமாகத் திரும்பினால் தலைசுற்றல் உண்டாகும். ஆகவே, படம் கண்ணை அடையும் நேரத்தில் தலை எங்கிருக்கும் என்பதை முன்கூட்டியே கணித்து உலாவி பக்கத்துக்குத் தெரிவிக்கிறது. பக்கம் அதற்கேற்ப வரைகிறது.

இதில் சில காப்புகளும் உண்டு. மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்புள்ள தளங்களில் மட்டுமே இவ்வசதி இயங்கும். நாம் ஒரு பொத்தானைத் தொடாமல் எந்தப் பக்கமும் நம்மை அவ்வுலகுக்குள் இழுத்துச் செல்ல இயலாது. கைப்பேசியில் நாற்காலியைப் பார்க்கும்போதும் கேமராப் படம் இயல்பாகத் தளத்தின் கைக்குச் செல்வதில்லை. கைப்பேசியின் நிலையும் தரையின் இருப்பிடமும் மட்டுமே தளத்துக்குத் தெரிகின்றன. கேமராப் படமே வேண்டுமெனில் அதற்குத் தனி அனுமதி தேவை.

முகவரிப் பட்டை மறையும் இடம்

வாடிக்கையாளர் கருத்தூன்ற வேண்டிய இடம் இதுவே. போலித் தளங்களை இனங்காண்பதற்காக, இந்திய வங்கிகள் யாவும் 2025 அக்டோபர் 31க்குள் தம் இணைய வங்கித் தளங்களை டாட் பேங்க் டாட் இன் என முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்தது. ஆனால் அம்முகவரி நம் கண்ணில் பட்டால்தான் இந்தக் காப்பு பயன்தரும். ஹெட்செட்டுக்குள் பார்வை முழுவதையும் வரைவது அந்தப் பக்கமே. அங்கு உலாவியின் முகவரிப் பட்டை நம் கண்முன் இருப்பதில்லை. தீய எண்ணம் கொண்ட பக்கம், வங்கிக் கிளை போன்ற அறையையும், போலி முகவரிப் பட்டையையுங்கூட அங்கே வரைந்து காட்ட முடியும். அங்குக் கேட்கப்படும் கடவுச்சொல்லை உள்ளிட்டால் அது யாருக்குச் செல்கிறது என்பதை நாம் அறியோம்.

உடலசைவும் ஓர் அடையாளமே. 2023இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், மெய்நிகர் விளையாட்டு ஒன்றின் 50,000க்கும் மேற்பட்ட பயனர்களுள் ஒருவரை, 100 நொடிகளின் தலை, கை அசைவுகளைக் கொண்டே 94 விழுக்காட்டுக்கு மேற்பட்ட துல்லியத்துடன் இனங்கண்டனர்.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

1. கடவுச்சொல், பின் எண், ஓடிபி ஆகியவற்றை உள்ளிடும் முன் மெய்நிகர் காட்சியிலிருந்து வெளியேறுவோம். ஹெட்செட்டின் முகப்புப் பொத்தானைப் பக்கம் தன்வசமாக்க இயலாது. அதை அழுத்தினால் மெய்யான திரைக்கு மீளலாம்.

2. வங்கியின் முகவரியை நாமே தட்டச்சு செய்து, அதன் இறுதிப் பகுதியைப் படித்துப் பார்ப்போம்.

3. கேமரா அனுமதியைத் தேவைப்படும் தளத்துக்கு மட்டும், தேவைப்படும் பொழுது மட்டும் அளிப்போம். வேலை முடிந்ததும் உலாவியின் அமைப்புகளில் அதைத் திரும்பப் பெறுவோம்.

4. அறையைக் கேமராவில் காட்டுமுன் பாஸ்புக், காசோலைப் புத்தகம், ஏடிஎம் அட்டை ஆகியவற்றை அகற்றிவைப்போம்.

5. ஐயத்துக்குரிய பரிமாற்றம் நிகழ்ந்தால் வங்கிக்கும், 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே தெரிவிப்போம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, வங்கியும் வாடிக்கையாளரும் காரணமல்லாத மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. இரகசிய விவரங்களை நாமே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்மையே சாரும். ஆகவே ஒவ்வொரு மணி நேரமும் பொருட்படுத்தத்தக்கது.

புதிய வசதியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பொருளை எந்த உலகிலும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். பணத்தைச் செலுத்தும்போது மட்டும், முகவரியைக் கண்ணால் காணக்கூடிய திரைக்குத் திரும்பிவிடுவோம்.