குடியுரிமை: மண் வழியா, பெற்றோர் வழியா?



குடிமையியல் பாடத்தில் குடியுரிமை ஒரு சின்னப் பகுதிதான். ஆனால் நம் புதுச்சேரியில் அது பல வீடுகளின் கதை. எங்க வீட்டில் அப்பாவிடம் இந்தியப் பாஸ்போர்ட், அம்மாவிடம் பிரெஞ்சுப் பாஸ்போர்ட். அப்போ நான் யார்? விசாரித்துப் பார்த்தேன். பிறந்த அன்றே இரண்டு நாட்டுச் சட்டங்களும் என்னைத் தங்கள் குடிமகளாக ஏற்றிருப்பது தெரிந்தது!

முதலில் வரலாறு. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவுடன் இணைய ஆதரவு தந்தார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்த என் தாத்தா எழுதிக் கொடுத்தார். அவர் தம்பி கொடுக்கவில்லை. ஒரே வயிற்றுப் பிள்ளைகள், இரண்டு நாட்டுக் குடிமக்கள்!

இனி சட்டம்.

1. பிரெஞ்சுச் சட்டப்படி தாய், தந்தை இருவரில் ஒருவர் பிரெஞ்சுக் குடிமகனாக இருந்தால் போதும், குழந்தைக்கும் அது வரும். எங்கே பிறந்தாலும் சரி. தாத்தாவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து எனக்கு.

2. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்த குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராகவும், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருந்தால், அது பிறப்பால் இந்தியக் குடிமகன். அப்பா வழியில் எனக்கு இது.

3. ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. நாமாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமையைப் பெற்றால், 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வாங்குவதையே அதற்குச் சான்றாக விதிகள் சொல்கின்றன.

4. "ஓ.சி.ஐ. கார்டு இருக்கே?" என்று கேட்பீர்கள். 2005-இல் வந்த அந்த அட்டை குடியுரிமை அல்ல. அதை வைத்து இங்கே வாழலாம், படிக்கலாம். ஓட்டுப் போட முடியாது, தேர்தலில் நிற்க முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது.

இதனால் என்ன ஆகிறது பாருங்கள். தாத்தா பிரான்ஸ் அதிபர் தேர்தலில் புதுச்சேரியில் இருந்தபடியே ஓட்டுப் போடுவார். ஆனால் நம்ம தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு ஓட்டுப் போட முடியாது! அண்ணன் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் எடுத்து பாரீசுக்குப் படிக்கப் போய்விட்டான். "நீயும் எடுத்துடு, படிப்புச் செலவு கம்மி" என்கிறான். அவன் சொல்வதும் நிஜம்தான். ஆனால் எனக்கு ஐ.ஏ.எஸ். எழுதணும்னு ஆசை. அதற்கு இந்தியக் குடியுரிமை கட்டாயம். அதனால் நான் இந்தியக் குடிமகளாகவே இருக்கப் போகிறேன். அம்மாவும் சரி என்று சொல்லிவிட்டார்.

நண்பர்களே, உங்க வீட்டிலும் 1962-ஆம் ஆண்டுக் காகிதம் ஏதாவது பெட்டிக்குள் இருக்கலாம். பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பத்திரமாக வையுங்கள். எந்தப் பாஸ்போர்ட்டுக்கும் கையெழுத்துப் போடுவதற்கு முன், எது வரும், எது போகும் என்று தெரிந்துகொள்ளுங்கள்!

– பதினோராம் வகுப்பு மாணவி