மருந்துச் சீட்டை மூடி வைத்தால் போதுமா?

‘டாக்டர்கள் எழுதித் தள்ளியதால் வந்த வினை, எழுதுவதை நிறுத்தினால் தீர்ந்தது.’ அமெரிக்காவின் ஓபியாய்டு நெருக்கடி பற்றிப் பலரும் நம்புவது இதுதான். முன்பாதி சரி. 1980இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வெளிவந்தது. மருத்துவமனையில் ஓபியாய்டு வலிநிவாரணிகளைப் பெற்ற 11,882 பேரில் நால்வர்தான் அடிமையானார்கள் என்றது அது. வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவோரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும், ‘பயமில்லாமல் எழுதலாம்’ என்பதற்கு அதையே ஆதாரமாகக் காட்டினார்கள். 1996இல் பர்டியூ நிறுவனத்தின் ஆக்சிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை சந்தைக்கு வந்தது. 2012இல் ஓபியாய்டு மருந்துச் சீட்டுகள் ஓராண்டுக்கு 25 கோடியைத் தாண்டின.

பின்பாதிதான் தவறு. 2020க்குள் சீட்டுகள் ஏறக்குறைய 14 கோடியாகக் குறைந்தன. சாவுகளோ ஏறின. போதைப்பொருள் அளவு மீறி 2012இல் இறந்தவர்கள் சுமார் 41,000 பேர். 2021இல் ஒரு லட்சத்துக்கும் மேல். முக்கியக் காரணம், கள்ளச்சந்தையில் வந்த ஃபென்டனில் என்ற வீரியமான ஓபியாய்டு. பல ஆண்டுகள் மாத்திரையில் இருந்தவர்களுக்கு அதைத் திடீரென்று வெட்டியதும் ஆபத்தாகவே முடிந்தது. அதனால்தான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், ஓபியாய்டு எழுதுவது பற்றி 2016இல் தந்த வழிகாட்டுதலை 2022இல் திருத்தி, இயந்திரத்தனமாக வெட்டாதீர்கள் என்று சொல்ல வேண்டிவந்தது. அப்படியானால் பழையபடி எழுதலாமா? அதுவும் இல்லை. சான் டியேகோவில் ஓபியாய்டு அளவு மீறி இறந்தவர்களுக்கு முன்பு மருந்து எழுதியிருந்த மருத்துவர்களுக்கு, ‘உங்கள் நோயாளி இறந்துவிட்டார்’ என்று பிணப் பரிசோதனை அதிகாரி கடிதம் அனுப்பினார். மிரட்டலோ தண்டனையோ இல்லை. அடுத்த மூன்று மாதங்களில் அவர்கள் எழுதிய அளவு ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்தது. புதிய நோயாளிக்குக் குறைவாக எழுதுவது வேறு, ஏற்கெனவே அடிமையானவரைக் கைகழுவுவது வேறு.

கைகழுவுவதற்கு ஒரு நியாயமும் தயாராக இருக்கிறது: ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கான சிகிச்சை மருந்துகளான புப்ரினார்ஃபின், மெத்தடோன் கொடுப்பது கள்ளை விட்டுச் சாராயத்தைப் பிடித்த கதையாம். நாக்குக்கு அடியில் கரையும் புப்ரினார்ஃபின், பூட்டுக்குள் நுழைந்து பாதி மட்டுமே திரும்பும் சாவி மாதிரி. வேறு சாவி நுழைய எளிதில் இடம் விடாது. மூச்சை அடக்கும் விளைவும் ஓர் அளவுக்கு மேல் அவ்வளவாக ஏறுவதில்லை. தினமும் எடுப்பதெல்லாம் அடிமைத்தனம் என்றால் தைராய்டு மாத்திரையையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதுதான். மாசசூசெட்ஸில், அளவு மீறிப் பிழைத்த 17,000க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஆய்வில், மெத்தடோன் பெற்றவர்களிடையே ஓபியாய்டுச் சாவுகள் 59 சதவீதமும் புப்ரினார்ஃபின் பெற்றவர்களிடையே 38 சதவீதமும் குறைவு. ஓராண்டுக்குள் அத்தகைய மருந்து கிடைத்ததோ பத்தில் மூன்று பேருக்குத்தான். சிகிச்சைக்கு வரக்கூடியவர்கள்தான் மருந்தும் கேட்டிருப்பார்கள், அதனால் பிழைத்திருப்பார்கள் என்று வாதிடலாம். நியாயமான கேள்விதான். குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு அதற்கு ஓரளவு பதில் சொல்கிறது. 2015இல் வெளியான யேல் ஆய்வில், ஓபியாய்டுக்கு அடிமையாகி அவசரப் பிரிவுக்கு வந்த 329 பேரைப் பிரித்தார்கள். சிகிச்சை மையங்களின் விவரத்தை மட்டும் கையில் கொடுத்து அனுப்பப்பட்டவர்களில் 37 சதவீதம் பேர்தான் 30 நாள் கழித்தும் சிகிச்சையில் இருந்தார்கள். அங்கேயே புப்ரினார்ஃபின் தொடங்கப்பட்டவர்களில் 78 சதவீதம்.

‘இது நிபுணர் வேலை, நமக்கெதற்கு?’ என்று பொது மருத்துவர்கள் ஒதுங்குவது கடைசித் தடுப்பு. பிரான்ஸ் 1995இல் புப்ரினார்ஃபினைக் குடும்ப மருத்துவர் கையிலேயே கொடுத்தது. நான்கே ஆண்டுகளில் ஹெராயின் அளவு மீறிய சாவுகள் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. அமெரிக்காவிலோ புப்ரினார்ஃபின் எழுதத் தனி அனுமதி வேண்டும் என்ற விதி 2022 டிசம்பர் வரை இருந்தது. ஆக்சிகான்டின் எழுத அப்படியொரு அனுமதி தேவைப்படவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். விதி போன பிறகு புப்ரினார்ஃபின் எழுதும் மருத்துவர்கள் ஓரளவு கூடினார்கள். மருந்து பெறும் நோயாளிகளின் எண்ணிக்கையோ அடுத்த ஓராண்டில் அநேகமாக அப்படியேதான் இருந்தது.