ஓடத் தொடங்குவோர் காலில் கொப்புளம்

குழித்தறியில் ஆண்டுக்கணக்காக மிதி மிதித்த பாதத்திற்கு ஓட்டம் ஒரு பொருட்டா எனத் திருப்புட்குழி நெசவாளர் நினைக்கக்கூடும். மிதிக்குப் பழகிய தோல் காலணிக்குப் பழகியதன்று. ஓடும்போது எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. வியர்வையில் நனைந்த தோலோ காலுறையோடு ஒட்டி நிற்கிறது. இவ்விழுபறியில் மேல்தோலின் அடுக்குகள் பிரிந்து, இடையில் நீர் கோத்துக்கொள்கிறது. அதுவே கொப்புளம்.

ஆகவே காலணியை மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் வேளையில் வாங்குங்கள். விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடமிருக்கட்டும். பருத்திக் காலுறை ஈரத்தைத் தேக்கும். செயற்கை இழைக் காலுறையையே பரிந்துரைக்கிறோம் (நெய்யும் ஊரில் இதைச் சொல்லத் தயக்கம்தான்). ஓடுகையில் ஓரிடம் எரிந்தால் அப்போதே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள்.

சிறு கொப்புளத்தை மூடி விட்டுவிடலாம். வலிக்கும் பெரிய கொப்புளமாயின், சோப்பு நீரால் கழுவி, கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, வாசலின் தடவிக் கட்டுங்கள். மேல்தோலை உரிக்கவே கூடாது; அதைவிடச் சிறந்த கட்டுத்துணி எங்களிடமும் இல்லை.

1924 ஜூன் இறுதியில் அமெரிக்க அதிபர் கூலிட்ஜின் 16 வயது மகன் காலுறையின்றி டென்னிஸ் ஆடினான். கால்விரல் கொப்புளத்தில் புகுந்த கிருமி இரத்தத்தில் பரவ, ஜூலை 7 அன்று இறந்தான். பெனிசிலின் கண்டறியப்பட்டது 1928இல்தான். இன்று மருந்துண்டு, சீழ், காய்ச்சல், படரும் சிவப்பு, காலில் மேலேறும் செங்கோடு ஆகியவற்றுள் ஒன்று தெரிந்தாலும் அன்றே வாருங்கள்.

நீரிழிவு உள்ளோர் ஊசியைத் தொடவே வேண்டா. உணர்ச்சி குன்றிய பாதத்தில் கொப்புளம் வலிப்பதில்லை. வலியின்மையே அங்கு ஆபத்து. வீட்டார் ஒவ்வோர் இரவும் அவர்தம் பாதங்களை, விரலிடுக்கு உட்பட, விளக்கொளியில் பார்க்க வேண்டும். கொப்புளம் கண்டால் மறுநாளே அழைத்து வாருங்கள்.