விலையில்லாக் கதைச் செல்வம்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் வாழும் மீனவச் சிறுவர், ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து விண்கலங்கள் எழுவதைக் கண்டு வளர்கின்றனர். 2023 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 14 ஆம் நாள் சந்திரயான்-3 நிலவை நோக்கிப் புறப்பட்டதும் அங்கிருந்தே. நிலவுப் பயணத்தை 1865 ஆம் ஆண்டிலேயே அறிவியற் கதையாகப் புனைந்தார், பிரெஞ்சு எழுத்தாளர் சூல் வெர்ன்.

மாணவர்களே! அக்கதையைப் படிக்கப் பொருள் வேண்டுவதில்லை. 1971 இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் அதன் ஆங்கில வடிவை இணையத்தில் விலையின்றி வழங்குகின்றது. தமிழில் அத்தகைய தொண்டாற்றுவது, 1998 ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தோன்றிய மதுரைத் திட்டம். தன்னார்வலர் பலர் தட்டெழுதியும் பிழை திருத்தியும் அளித்த கொடை அது. புதுமைப்பித்தன் கதைகள் அங்கு உள்ளன. அச்சமூட்டும் 'காஞ்சனை'யும், கடவுளே சென்னைக்கு வரும் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' அவர் படைத்தவையே.

எனினும், இணையத்தில் விலையின்றிக் கிடைப்பன யாவும் நேர்வழியில் வந்தவை அல்ல. பழவேற்காட்டு மீனவரிடையே 'பாடு' என்னும் முறை உண்டு. இன்ன நாளில் இன்ன இடம் இன்னார்க்கு என வகுத்து வலையிடுவர். பிறர் முறையில் தம் வலையை இடார். நூலுக்கும் அத்தகைய வரம்பு உண்டு. ஆசிரியர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் நூலுரிமை நிலைக்கும் என்பது நம் நாட்டுச் சட்டம். ஆதலின், உரிமைக்காலம் முடிந்த நூல், அரசு நாட்டுடைமையாக்கிய நூல், ஆசிரியரே மனமுவந்து அளித்த நூல் ஆகியவற்றையே நாடுக. புதுமைப்பித்தன் நூல்கள் நாட்டுடைமையானவை.

பிறர் உழைப்பைக் கவராது பெறும் கதையே தூய இன்பம் பயக்கும்.