நம்பப்படாத வலி
(ஆஸ்பத்திரிப் போதகரின் பாடம்)

வாசிக்க: யோபு 2:11-13



"நரம்பில் ஊசி போட்டால் முதுகுவலி அடியோடு போய்விடுமாமே, ஐயா?" என்று சபைகளில் பலர் கேட்கிறார்கள். வேறு சிலரோ, ஸ்கேன் படத்தில் ஒன்றும் தெரியாததால் வீட்டாரே தங்கள் வலியை நம்புவதில்லை என்று சொல்லிக் கண்கலங்குகிறார்கள். இவ்விரு சாராரையும் மனதில் வைத்து இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

1. மல்யுத்தம் செய்த மருத்துவர்

ஜான் பொனிக்கா 1917-ல் இத்தாலியின் பிலிகூடி தீவில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா சென்றவர். மல்யுத்தம் செய்து சம்பாதித்து மருத்துவம் படித்தார். 1944-ல், 27 வயதில், வாஷிங்டன் மாநிலத்து மாடிகன் இராணுவ ஆஸ்பத்திரியில் மயக்க மருந்துப் பிரிவின் பொறுப்பு அவருக்குக் கொடுக்கப்பட்டது. போரில் காயம்பட்ட வீரர்கள் அங்கே வந்தார்கள். பலருக்குக் காயம் ஆறியது, வலி ஆறவில்லை. வெட்டியெடுக்கப்பட்ட கால் வலிக்கிறது என்றவர்களும் உண்டு.

பொனிக்கா அவர்களுக்கு நரம்பு ஊசி போட்டார். சிலருக்கு அது மட்டும் போதவில்லை. ஆகவே எலும்பு, நரம்பு, மனநல மருத்துவர்களை மதிய உணவு வேளையில் கூட்டி, ஒரே நோயாளியைக் குறித்துச் சேர்ந்து பேச வைத்தார். இன்று பல நாடுகளில் உள்ள வலி சிகிச்சைப் பிரிவுகளுக்கு அந்த முறையே முன்மாதிரி. 1953-ல் வலி சிகிச்சையைப் பற்றி மிகப் பெரிய மருத்துவ நூல் ஒன்றை எழுதினார். மல்யுத்தக் காயங்களால் அவரே பல வருடங்கள் வலியோடு வாழ்ந்து, 1994-ல் மரித்தார்.

2. ஊசி செய்வது என்ன?

பல் பிடுங்குமுன் ஈறில் போடுகிறார்களே, அதே வகையான மரத்துப்போகும் மருந்துதான் இதிலும் முக்கியமானது. நரம்பு வழியாக மூளைக்குப் போகும் வலிச் செய்தியை அது சில மணி நேரம் தடுத்து நிறுத்துகிறது. முதுகெலும்பின் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தும்போது வலி இடுப்பிலிருந்து கால்வரை இறங்கும். அப்படிப்பட்டவர்களுக்கு, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே ஊசியைச் சரியான இடத்திற்குக் கொண்டுபோகிறார்கள். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம்.

இன்னொரு பயனும் உண்டு. குறிப்பிட்ட ஒரு நரம்பை மரக்கச் செய்தவுடன் வலி நின்றால், வலி எங்கிருந்து வருகிறது என்பது மருத்துவருக்கு விளங்கும்.

3. ஊசி செய்யாதது என்ன?

பிதுங்கிய டிஸ்க்கை அது உள்ளே தள்ளாது. நிவாரணம் சிலருக்குச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள், சிலருக்கு ஒன்றுமேயில்லை. காலுக்கு இறங்காத சாதாரண முதுகுவலிக்கு முதுகெலும்பில் ஊசி போட வேண்டாம் என்று 2016-ல் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டிக் குழு அறிவுறுத்தியது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்டீராய்டினால் சில நாட்கள் சர்க்கரை ஏறலாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்னமே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முதுகுவலியோடு சிறுநீர் அல்லது மலம் அடக்க முடியாமற்போனாலோ, கால் பலவீனமானாலோ, தொடைகளுக்கு நடுவே உணர்வு குறைந்தாலோ, ஊசிக்காகக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும்.

ஆகையால் ஊசியை முடிவாக அல்ல, தொடக்கமாக எண்ண வேண்டும். வலி தணிந்திருக்கும் அந்த வாரங்களில்தான் நடக்கவும், முதுகுத் தசைகளைப் பயிற்சியால் பலப்படுத்தவும், சரியாகத் தூங்கவும் முடியும். அந்த நாட்களைப் படுக்கையிலேயே கழித்தால், ஊசிக்குச் செலவழித்த பணத்தின் பலன் பெரிதும் வீணாகும்.

4. சபை செய்யக்கூடியது

யோபுவின் சிநேகிதர் மூவரும் முதல் ஏழு நாள் நல்லதையே செய்தார்கள். அவன் துக்கம் பெரிது என்று கண்டு, தரையில் அவனோடு உட்கார்ந்து பேசாதிருந்தார்கள். அவன் வேதனைக்குக் காரணம் கண்டுபிடிக்கப் புறப்பட்டபோதே அவனைக் காயப்படுத்தினார்கள். நாமும் "ஜெபத்தில் குறை இருக்கும்", "எல்லாம் மனப்பிரமை" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

ஸ்கேன் படம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. வலியே அறியாத பலருடைய படத்திலும் டிஸ்க் பிதுக்கம் தெரிகிறது. வலியால் துடிக்கிற சிலருடைய படத்தில் ஒன்றும் தெரிவதில்லை. 1973-ல் பொனிக்கா கூட்டிய மாநாட்டிலிருந்து பிறந்த சர்வதேச வலி ஆய்வுச் சங்கம், வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டுமென்று 2020-ல் எழுத்திலேயே வைத்தது.

ஊசி போடுவது மருத்துவரின் வேலை. அதற்குப்பின் வரும் வாரங்களில் நமக்கும் வேலை உண்டு. அந்தச் சகோதரியோடு சாயங்காலம் கொஞ்ச தூரம் நடக்கலாம். அவர்கள் தண்ணீர்க் குடத்தை நாம் தூக்கலாம். ஆராதனையில் தரையில் உட்கார முடியாதவருக்கு, அவர் கேட்குமுன்பே ஒரு நாற்காலி போடலாம். எல்லாவற்றிற்கும் முன்பாக, அவர் சொல்வதை நம்பலாம்.

சிந்திக்க:
1. நம் சபையில் நெடுநாள் வலியோடு வாழ்கிறவர்கள் யார்? அவர்களைக் கடைசியாக எப்போது விசாரித்தோம்?
2. ஆறுதல் என்று எண்ணி நாம் சொன்ன எந்த வார்த்தை அவர்களுக்குப் பாரமாயிருந்திருக்கும்?