மழை இடைவெளியில் சென்னாவுக்கு முருங்கைச் சாறு

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் மானாவாரியாகப் போடும் சென்னா, அதாவது நிலாவாரை, வறட்சியைத் தாங்குவதற்குப் பேர்போன பயிர். அந்தப் பேரெல்லாம் வேர் ஆழமாக இறங்கிய பிறகுதான். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்து, முளைத்த ஒரு மாதத்துக்குள் மழை ஏமாற்றினால் அடி இலைகள் பழுத்து உதிர்ந்துவிடும். காசே இலையில்தான் இருக்கிறது. அடுத்த மழை வரும்வரை இலையைச் செடியிலேயே நிறுத்தி வைக்க, கைக்கெட்டிய மருந்து முருங்கை இலைச் சாறு. வேரடியில் ஈரமே இல்லை என்றால் இது எதுவும் செய்யாது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முருங்கைக் கொழுந்தில் ஸியாட்டின் என்ற வளர்ச்சி ஊக்கி இருக்கிறது. தண்ணீர் குறையும்போது செடிக்குள் இந்த வகை ஊக்கிகள் குறைந்து இலை சீக்கிரம் முதிர்கிறது. வெளியிலிருந்து கொஞ்சம் கொடுத்தால் பச்சையம் கூடுதல் நாள் நிற்கும். சாற்றில் உள்ள வைட்டமின் சி-யும் பொட்டாசியமும் கூடவே உதவுகின்றன. இலைத்துளைகளைத் திறந்து மூடுவதில் பொட்டாசியத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

கொழுந்து பறிப்பதில்தான் பாதி வேலை. முற்றிய இலை வேண்டாம். காய்ப்பு முடிந்து கவாத்து செய்த செடிமுருங்கையில் புதிதாக அடிக்கும் துளிர்தான் நல்லது. காலையில் ஒடித்து, தடித்த காம்பைக் கழித்துவிட்டு, 1 கிலோவுக்கு 100 மில்லி தண்ணீர் மட்டும் தெளித்து கிரைண்டரில் மையாக அரையுங்கள். அதிகம் தண்ணீர் விட்டால் பிறகு அளவே தெரியாமல் போகும். பழைய வேட்டித் துணியில் கட்டிப் பிழிந்து, அந்தச் சாற்றை இன்னொரு முறை வடிகட்டுங்கள். முதல் வடிகட்டலில் தப்பிய நார்தான் தெளிப்பானின் நாசிலை அடைத்து, வயலின் நடுவே நிறுத்திவிடும்.

கலக்கும் அளவு: சாறு 1 பங்கு, தண்ணீர் 30 பங்கு. 10 லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 330 மில்லி. கெட்டியாக அடித்தால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம்; செறிவு கூடினால் இதே சாறு வளர்ச்சியைத் தடுக்கும். இலையில் ஒட்டுவதற்கு, இரவே ஊறவைத்துக் கசக்கிய பூந்திக்கொட்டைத் தண்ணீர் கொஞ்சம் சேர்க்கலாம். ஏக்கருக்கு 150 லிட்டர் தெளிப்பதானால் 5 லிட்டர் சாறு வேண்டும். முதலில் 1 கிலோ இலை அரைத்து, எவ்வளவு சாறு வருகிறது என்று அளந்துகொண்டு இலைக்குக் கணக்குப் போடுங்கள்.

பிழிந்த சாற்றை நான்கைந்து மணி நேரத்துக்குள் அடித்துவிட வேண்டும். வெளியில் வைத்தால் புளித்து நாறும். மறுநாளுக்கு என்றால் ஃப்ரீசரில்தான் வைக்கவேண்டும்.

எப்போது அடிப்பது? நண்பகலில் இலை துவள்வதைப் பார்த்துப் பதற வேண்டாம். மறுநாள் காலையிலும் தலை தொங்கியே இருந்தால் காலம் கடந்துவிட்டது. மேல்மண் வெளுத்து, ஒரு சாண் ஆழத்தில் எடுத்த மண் கையில் உருட்டினால் இன்னும் சேர்கிறது என்ற நிலைதான் சரியான நேரம். மாலை 4 மணிக்கு மேல் ஆரம்பித்து, இருட்டுக்கு முன் முடியுங்கள். சென்னா இலைகள் அந்தியில் மடிந்துகொள்ளும். மடிந்த பிறகு அடித்தால் பாதி இலை நனையாது. அடிப்பக்கமும் நனையட்டும். மழை வராவிட்டால் பத்துப் பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை.

முருங்கை கிடைக்காத ஊரில் கடற்பாசித் திரவம் வாங்கலாம். மண்டபம் கடலோரத்தில் வளர்க்கும் கப்பாபைக்கஸ் பாசியிலிருந்தும் இது எடுக்கப்படுகிறது. புட்டியில் போட்ட அளவை மீறாதீர்கள்.

இலை பறிக்க இரண்டு வாரம் இருக்கும்போது தெளிப்பை நிறுத்திவிடுங்கள். மருந்துச் செடிகள் பலவற்றில் மிதமான வறட்சி மருந்துச் சத்தைக் கூட்டவே செய்கிறது. கடைசிவரை செடியைக் குளிர்வித்து வைத்தால் இலை பெருக்கும், சரக்கின் வீரியமும் அதே அளவு கூடும் என்று சொல்ல முடியாது. தவிர, ஏற்றுமதிக்குப் போகும் இலையில் நுண்ணுயிர்ச் சோதனை உண்டு. புளித்த சாறு படிந்த இலையை எந்த வியாபாரியும் விரும்பமாட்டார்.

வயலின் நடுவில் நாலு சாலுக்கு வெறும் தண்ணீரும் பூந்திக்கொட்டையும் மட்டும் அடித்து, குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். பக்கத்திலேயே சாறு அடித்த நாலு சாலையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் பறித்த இலையை நிழலில் தனித்தனியாகப் பரப்பி, பசுமஞ்சளாக உலர்ந்ததும் எடை போடுங்கள். வித்தியாசம் கூலிக்குக் கட்டவில்லை என்றால், அடுத்த வருஷம் அந்தப் பணத்தைக் காலத்தில் களையெடுக்கச் செலவழிக்கலாம்.