கோதுமை ஒவ்வாத பேரப்பிள்ளைக்கும் ஒரு தீபாவளிப் பலகாரம்

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் எனும் புரதம் உள்ளது. சீலியாக் நோய் உள்ளவர்களின் சிறுகுடலை இது பாதிக்கும். "கொஞ்சம்தானே, சாப்பிடு" என்று வற்புறுத்தாதீர்கள். சிறிதளவும் தீங்கு செய்யும்.

நம் நெய் உருண்டையில் தானியமே இல்லை. பாசிப்பயறு பருப்பு வகையைச் சேர்ந்தது.

செய்முறை
• 2 கப் பாசிப்பயற்றைச் சுத்தம் செய்து, வாசம் வரும்வரை வறுங்கள்.
• ஆறியதும் ஏலக்காயுடன் அரைத்துச் சலியுங்கள்.
• 1 கப் பொடித்த சீனி கலந்து, சூடான நெய்யைச் சிறிது சிறிதாக ஊற்றி உருண்டை பிடியுங்கள்.

கவனிக்க வேண்டியவை
• பயற்றை வீட்டு மிக்சியிலேயே அரையுங்கள். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் மாவு மில்களில் அதே இயந்திரத்தில் கோதுமையும் அரைத்திருக்கலாம்.
• முறுக்கு அரிசி மாவில் செய்வதுதான். ஆனால் கடையில் வாங்கும் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கலாம். லேபிளைப் படியுங்கள், எழுத்து சிறியதாக இருந்தால் பிள்ளைகளிடம் படிக்கச் சொல்லுங்கள்.
• நெய் பாலிலிருந்து வருவது. பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது.
• தானியம் இல்லை என்றாலும் சீனி உண்டு. நீரிழிவு உள்ளவர்கள் ஓர் உருண்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது?
வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், எடை குறைவு தொடர்ந்தால் அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்குக்குச் செல்லுங்கள். பரிசோதனைக்கு முன் நீங்களாகவே கோதுமையை நிறுத்தாதீர்கள். நோய் இருந்தும் முடிவில் தெரியாமல் போகலாம்.

சாப்பிட்டவுடன் உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே 999 எண்ணை அழையுங்கள்.